குட்டிச் சாமிக்கு ஊசி போட்ட கதை

கிராம சுகாதார செவிலியர் வேலை என்றால், அடுத்தவர் வீட்டு அடுப்படியில் மூக்கை நுழைத்து, குழம்புச் சட்டியைத் திறந்து பார்த்து, அதற்குத் திட்டும் வாங்கிக்கொண்டு, மறுநாள் காலையில் அதே வீட்டுக்குச் சிரித்த முகத்தோடு போய் நிற்கிற வேலை. பத்தொன்பது வருஷமாக இதைத்தான் செய்கிறேன். என்னைப் போலவே ஸ்கூட்டியும் தராசுமாக ஊர் சுற்றுகிற தோழிகளே, அங்கன்வாடி டீச்சர்களே, உங்களுக்குத் தெரியாத கூத்து ஒன்றுமில்லை. இருந்தாலும் ஒருத்தர் புலம்பலை ஒருத்தர் கேட்டால் கால்வலி கொஞ்சம் கம்மியாகும் அல்லவா, அதற்காக எழுதுகிறேன்.

எல்லாமே ஒரே சங்கதிதான். பிள்ளை பெற்றவள் என்ன சாப்பிடுகிறாள்? அவள் தட்டில் இல்லாதது சில சமயம் அவள் பாலிலும் இல்லாமல் போகும். இதை நான் வாயால் ஆயிரம் தடவை சொல்லியிருக்கிறேன். ஆனால் ஒரு வீட்டில் கேட்க வேண்டிய நேரத்தில் கேட்காமல் விட்டேன். அதனால் அடி அண்ணாமலையில் ஒரு ஆண் பிள்ளை கைநழுவிப் போகப் பார்த்தான். இதில் முக்கால்வாசி அவன் கதைதான்.

அளந்து ஊற்றிய தண்ணீர்

முதலில் கீழ்பென்னாத்தூர் பக்கம் ஒரு வீட்டைச் சொல்லிவிடுகிறேன். பிள்ளை பிறந்து ஒன்பது நாள். வெயில் மண்டையைப் பிளக்கிற மாசம். உள்ளே போனால் பெற்றவள் உதடு காய்ந்து வெடித்துக் கிடக்கிறாள். காலையில் என்ன சாப்பிட்டாய் என்றேன். ரெண்டு ரொட்டி, வரக்காபி. மதியம்? பூண்டு ரசத்தில் ஒரு பிடி சோறு. ராத்திரி? மறுபடியும் ரொட்டி. தண்ணீர்? மூலையில் இருந்த ஒரு கிண்ணத்தைக் காட்டினாள். பிள்ளைக்கு மருந்து கலக்குகிற கிண்ணம் அது. ஒரு நாளைக்கு நாலு தடவை அதில் அளந்து ஊற்றுவார்களாம். கத்தரிக்காய் கரப்பான், கீரை பேதி, பருப்பு மாந்தம், மீன் ஆகவே ஆகாது என்று ஒவ்வொன்றாகக் கழித்துக் கடைசியில் மிஞ்சியது அந்த ரொட்டி.

எனக்கு வந்ததே கோபம்! நானே போய் ஒரு சொம்புத் தண்ணீர் மொண்டு வந்து, அவள் மடக்கு மடக்காகக் குடித்து முடிக்கிற வரைக்கும் இடுப்பில் கை வைத்துக்கொண்டு நின்றேன். மாமியார் வாசல்படியில் நின்று என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "தண்ணி ஜாஸ்தி குடிச்சா வயிறு தொந்தி போட்டுடும் நர்சம்மா. நாளைக்கு எம் மவன் 'இன்னா இது'ன்னு கேட்டா நீங்களா வந்து பதில் சொல்வீங்க?"

லட்சுமிக்கும் ஒரு பங்கு

இப்போது அடி அண்ணாமலை. கிரிவலப் பாதையை ஒட்டி இளநீர்க் கடை போட்டிருக்கிற வீடு. மாமியார் பச்சையம்மாள் கடையைப் பார்த்துக்கொள்வார். மகன் ஏழுமலை குட்டியானை வண்டியில் லோடு ஓட்டுகிறவன். மருமகள் தனலட்சுமி, ஊருக்கெல்லாம் தனம். இவர்கள் போக, கொட்டகையில் லட்சுமி என்று ஒரு கறவைப் பசு. தனத்துக்கு ரெண்டு தடவை கரு தங்காமல் போய், மூன்றாவது தடவைதான் நின்றது. அதனால் நான் அவளை எட்டு மாசமும் கண்ணில் விளக்கெண்ணெய் ஊற்றிக்கொண்டு பார்த்தேன்.

கர்ப்பிணிகளுக்கும் பால் கொடுக்கிற தாய்மாருக்கும் அங்கன்வாடியில் சத்து மாவு கொடுக்கிறோம் இல்லையா? ஒருநாள் திடீரென்று போய் நின்றேன். தனம் வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். கொட்டகையில் லட்சுமியின் மூக்கெல்லாம் மாவு! தவிட்டுத் தொட்டியில் காலி பாக்கெட் மிதக்கிறது. பச்சையம்மாளைப் பிடித்து உலுக்காத குறையாக, இது யாருக்குக் கொடுத்தது, யார் தின்கிறது என்று கேட்டேன். அவர் முகத்தில் ஒரு குற்ற உணர்ச்சியும் இல்லை. "நாளைக்கு இவளும் பால் குடுக்கணும், லட்சுமியும் தினம் பால் குடுக்குது. ஒரு வீட்டுல நாங்க ஓரவஞ்சனை பண்ண முடியுமா நர்சம்மா?"

கழுதைக்காரர் சொன்ன பதில்

தனத்துக்குச் சுகப்பிரசவம். மூணு கிலோவுக்குக் கொஞ்சம் குறைவாக ஆண் பிள்ளை. அருணாசலம் என்று பேர் வைத்தார்கள். இருபதாவது நாள் நான் போன நேரம் தெருவில், "கழுதைப்பால்! கழுதைப்பால்!" என்று சத்தம். எங்கள் பக்கத்தில் இது இன்னும் ஓயவில்லை. வாசலுக்கு வாசல் கழுதையை நிறுத்தி, கண் எதிரிலேயே கறந்து, ஒரு பாலாடை அளவு பச்சைப் பிள்ளை வாயில் புகட்டுவார்கள். சளி வராது, குரல் கணீர் என்று வரும், இன்னும் என்னென்னவோ சொல்வார்கள். பச்சையம்மாள் பாலாடையைக் கழுவி எடுத்துக்கொண்டு தயாராக நிற்கிறார். தனம் பிள்ளையை மாரோடு அணைத்துக்கொண்டு, "ஆறு மாசம் வரைக்கும் என் பாலைத் தவிர வேற ஒண்ணும் குடுக்கக் கூடாதுன்னு அக்கா சொல்லியிருக்காங்க," என்று என் பக்கம் கையைக் காட்டிவிட்டாள். மாமியாரின் பார்வை என்னைச் சுட்டெரித்தது.

நான் நேராகக் கழுதைக்காரரிடமே போனேன். சுத்தமில்லாத பாலைப் பச்சைப் பிள்ளைக்குக் கொடுத்தால் பேதி வரும், உங்கள் வீட்டில் பிள்ளைகள் உண்டா, அவர்களுக்கும் இதைத்தான் கொடுத்தீர்களா என்று கேட்டேன். மனுஷன் உண்மையிலேயே பதறிப் போய்விட்டார். "எம் புள்ளைங்களுக்கா? அய்யய்யோ, அதுங்க அவங்க அம்மா பால்தாம்மா குடிச்சுதுங்க. இது வியாபாரம்!"

அட்டையில் ஏறிய கோடு

அதற்குப் பிறகு தனம் என் செல்லப் பிள்ளை ஆகிவிட்டாள். ஒவ்வொரு மாசமும் தராசில் அருணாசலத்தைத் தொங்கவிட்டால், எடை அட்டையில் கோடு படி ஏறுகிற மாதிரி மேலே போகும். நாலாவது மாசம் நான் தலை அளக்கிற டேப்பைப் பிடித்து இழுத்துக்கொண்டு கெக்கெக்கே என்று சிரித்தான். கொழுகொழுவென்று இருந்தான். தாய்ப்பால் பற்றிப் பேசுகிற கூட்டத்தில் தனத்தை எழுப்பி நிற்க வைத்து, எல்லாரும் இவளைப் பாருங்கள் என்று நான் தம்பட்டம் அடித்தேன்.

அந்தக் கூட்டத்திலேயே அவள் முகம் வெளுத்திருந்தது. உட்கார்ந்து எழுந்திருக்கும்போது சுவரைப் பிடித்துக்கொண்டாள். நான் பார்த்தேன். பிள்ளை பெற்ற உடம்பு அப்படித்தான் இருக்கும் என்று விட்டுவிட்டேன். என் கண் பூராவும் அட்டையில் இருந்தது. என்னோடு வேலை பார்க்கிற அங்கன்வாடி டீச்சர் விஜயா வேறு என் தலையில் கிரீடம் வைத்தாள்: "உங்க ஏரியாவுல இன்னும் நாலு தனம் இருந்தா போதும் சிஸ்டர், ரிப்போர்ட் தானா அழகா வந்துடும்."

தவம்

அடுத்து எனக்கு நேரம் சரியில்லை. செங்கம் ரோட்டில் ஸ்கூட்டி சறுக்கி விழுந்து கால் முறிந்து ரெண்டரை மாசம் லீவு. எனக்குப் பதிலாக வந்த பெண் எடை போட்டு அட்டையில் குறித்திருந்தாள். எடை பெரிதாகக் குறையவும் இல்லை. நான் திரும்பி வந்ததும் முதல் டூட்டி பௌர்ணமி மருத்துவ முகாம். கிரிவலப் பாதையில் பந்தல் போட்டு, நடந்து வருகிறவர்களுக்குக் கால் கொப்புளத்துக்கு மருந்தும், மயக்கத்துக்கு உப்புச் சர்க்கரைத் தண்ணீரும் கொடுக்கிற வேலை. சாயங்காலம் அஞ்சு மணி இருக்கும். நாலு கடை தள்ளி பச்சையம்மாளின் இளநீர்க் கடை முன்னால் வழக்கத்தைவிடக் கூட்டம் ஜாஸ்தி. யாருக்கோ மயக்கம் போல என்று பெட்டியைத் தூக்கிக்கொண்டு நொண்டி நொண்டிப் போனேன்.

போய்ப் பார்த்தால் நடுவில் தனம். மடியில் அருணாசலம். நெற்றி நிறைய விபூதி, கழுத்தில் ஒரு சின்ன உருத்திராட்சம். ஏழு மாசப் பிள்ளை, கண் கொட்டாமல் எங்கேயோ பார்த்துக்கொண்டிருக்கிறான். இவ்வளவு கூட்டம், இவ்வளவு சத்தம், அழுகையும் இல்லை, சிரிப்பும் இல்லை. ஆந்திராவிலிருந்து வந்த ஒரு குடும்பம் காலடியில் வாழைப்பழச் சீப்பை வைத்துக் கும்பிட்டது. "அழுவறதே இல்ல, சிரிக்கறதே இல்ல, மலையையே பாத்துக்கினு இருக்குது. போன பொறப்புல பெரிய சித்தராம்," என்று பச்சையம்மாள் ஒவ்வொருத்தருக்கும் சொல்லிக்கொண்டே இளநீர் வெட்டுகிறார். பிள்ளையின் கை விரல் லேசாக நடுங்கியது. அருள் வந்து ஆடுதாம்!

என் டேப்பைப் பிடித்து இழுத்துச் சிரித்தவன் இவனா? முகத்துக்கு நேராகக் கையைத் தட்டினேன். கண்ணை மெதுவாகத் திருப்பினான், அவ்வளவுதான். தூக்கினேன், தலை தோளில் தொப்பென்று விழுந்தது. நாலு மாசத்தில் நின்ற தலை அது! விரல் கணுக்களில் மை தடவின மாதிரிக் கறுப்பு. நாக்கு வெளுத்திருந்தது. "தனம், உடனே டாக்டரிடம் காட்டணும்," என்று நான் சொல்லி முடிக்கவில்லை, பக்கத்தில் நின்ற தாடிக்காரர் ஒருவர் கண்ணை மூடிக்கொண்டே என்னைக் கண்டித்தார்: "சாமி தவத்துல இருக்காரு சிஸ்டர், கலைச்சுடாதீங்க."

கும்பிட்டவர்களும் பெற்றவளும்

அந்தக் கூட்டத்தில் என் பேச்சு எடுபடவில்லை; மறுநாள் காலை ஏழு மணிக்கே அந்த வீட்டு வாசலில் நின்றேன். பச்சையம்மாள் கதவை மறித்துக்கொண்டார். கணு கறுத்தது அப்பன் நிறம் வருகிறதாம். தலை நிற்காதது பாரம் ஜாஸ்தியாம். சோறு ஊட்டினால் துப்புவது விரதமாம். எதற்கும் ஒரு பதில் இருந்தது. சாமி இறங்கியிருக்கிற உடம்பில் ஊசி குத்தினால் குடும்பத்துக்கே ஆகாது என்று கையெடுத்துக் கும்பிட்டார். அவர் பொய் சொல்லவில்லை, நிஜமாகவே பயந்தார். ரெண்டு கரு போன வீட்டில் மூன்றாவதாக வந்த பிள்ளை. அதைச் சாமி என்று சொல்வது அவருக்குத் தெம்பாக இருந்தது. அதற்காக நான் விட்டுவிட முடியுமா? முடியாது. வெறுந்தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தேன். முறிந்த கால் வலியில் உயிர் போனது. பிள்ளையைத் தூக்காமல் எழுந்திருக்கப் போவதில்லை என்றேன்.

அரை மணி நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். பிறகு உள்ளே இருந்து தனம் வந்தாள். புடவை மாற்றியிருந்தாள், தோளில் பிள்ளை, கையில் அட்டை. மாமியார் முகத்தைப் பார்க்காமல் என் முகத்தைப் பார்த்துச் சொன்னாள்: "எல்லாரும் வந்து கும்புடறாங்க அக்கா. அவன் என்னைப் பாத்துச் சிரிச்சு ரெண்டு மாசம் ஆவுது. எனக்கு அது போதும், வாங்க போலாம்."

டாக்டர் கேட்ட கேள்வி

எங்கள் டாக்டரம்மா சின்ன வயசு, பேச்சு கறார். பிள்ளையை உச்சியிலிருந்து உள்ளங்கால் வரைக்கும் பார்த்தார். பிறகு அவனை என்னிடம் கொடுத்துவிட்டுத் தனத்தை நாக்கை நீட்டச் சொன்னார். நாக்கு வழவழவென்று சிவந்து புண்ணாக இருந்தது. நேற்று என்ன சாப்பிட்டாய் என்றார். சோறு, ரசம், கீரைப் பொரியல். முந்தாநாள்? சோறு, புளிக்குழம்பு. முட்டை? தனம் தலையை ஆட்டினாள். கருவாடு, மீன்? கிடையாது. பால், தயிர்? அது குளிர்ச்சி, பிள்ளைக்குச் சளி பிடிக்கும் என்று அத்தை கொடுப்பதில்லை. அப்போதுதான் விஷயம் வெளியில் வந்தது. மூன்றாவது கரு நின்றதும், பிள்ளைக்கு முதல் மொட்டை போடுகிற வரைக்கும் கவுச்சி தொட மாட்டேன் என்று அண்ணாமலையாருக்கு வேண்டிக்கொண்டிருக்கிறாள். வேண்டுதலில் முட்டை, மீன், கறி போச்சு. பத்தியத்தில் பாலும் தயிரும் போச்சு. ஒண்ணேகால் வருஷமாக அவள் வயிற்றுக்குள் போனது ரசமும் கீரையும்தான்.

ரத்தப் பரிசோதனை அதையே சொன்னது. பி12 என்று ஒரு சத்து. பால், முட்டை, மீன், கறியில் இருக்கும்; கீரையில் பருப்பில் கிடையாது. சுண்ணாம்புச் சத்து குறைந்தால் தாய் தன் எலும்பிலிருந்து எடுத்தாவது பாலில் சேர்த்துவிடுவாள். ஆனால் பி12 சத்தை எடுத்துக் கொடுக்கத் தனத்திடமே கையிருப்பு இல்லை. எடை ஏற வேண்டியதெல்லாம் அவள் பாலில் இருந்தது, அதனால்தான் அட்டையில் கோடு ஏறியது. மூளையும் நரம்பும் வளரத் தேவையான இது மட்டும் வறண்டு கிடந்தது. தாய்ப்பாலை நிறுத்திவிடட்டுமா என்று தனம் அழுதுகொண்டே கேட்டாள். "நிறுத்தவே கூடாது. பால் மேல தப்பே இல்ல. பிள்ளைக்கு ஊசி, உனக்கும் ஊசி, அப்புறம் உன் தட்டை மாத்தணும். இன்னும் தள்ளிப் போட்டா போனது முழுசாத் திரும்புமான்னு என்னால சொல்ல முடியாது," என்றார் டாக்டரம்மா. பிறகு அட்டையைப் புரட்டி, ஒவ்வொரு மாசமும் நான் போட்ட டிக்கைப் பார்த்துவிட்டு என்னிடம் தாழ்ந்த குரலில் கேட்டார்: "பிள்ளைக்கு இத்தனை டிக் போட்டிருக்கீங்க சிஸ்டர். அம்மா என்ன சாப்பிடறாங்கன்னு ஒரு தடவையாவது எழுதினீங்களா?"

ரெண்டு டம்ளர் பால்

அன்றைக்கு ராத்திரி நான் தூங்கினேன் என்றால் அது பொய். வெட்கமாக இருந்தது. சத்து மாவைப் பசு தின்றதைப் பார்த்தும், இவள் தட்டில் என்ன இருக்கிறது என்று கேட்காமல் வந்தவள்தானே நான்? சரி, அழுது என்ன ஆகப் போகிறது! ஊசியும் மாத்திரையும் ஆஸ்பத்திரியில் கிடைத்துவிடும். தட்டு மாறுவது அந்த வீட்டில்தான். வேண்டுதலோடு சண்டை போட எனக்கு உரிமை இல்லை, அது அவளுக்கும் மலைக்கும் உள்ள விஷயம். ஆனால் பாலைத் தடுத்தது அண்ணாமலையார் இல்லையே, பச்சையம்மாள்தானே? அவரோடு சண்டை போட எனக்குப் பத்தொன்பது வருஷ அனுபவம் இருக்கிறது.

லட்சுமியைக் காலையில் ஆறு மணிக்குக் கறப்பார்கள். கறந்த சூட்டோடு கேன் பால் சொசைட்டிக்குப் போய்விடும். நான் அஞ்சே முக்காலுக்குக் கொட்டகையில் போய் நிற்பேன். கேன் மூடுவதற்கு முன்னால் ஒரு டம்ளர் பால் எடுத்துக் காய்ச்சித் தனம் கையில் கொடுத்து, அவள் குடிக்கிறதைப் பார்த்துவிட்டுத்தான் ஸ்கூட்டியைத் திருப்புவேன். சாயங்காலம் இன்னொரு டம்ளர், மதியத்துக்கு ஒரு கிண்ணம் தயிர். பிள்ளைக்குச் சளி பிடித்தால் என் செலவில் வைத்தியம், என் தலையில் பழி என்று சொல்லிவிட்டேன். முதல் நாள் பச்சையம்மாள் முணுமுணுத்தார். மூன்றாம் நாள் முகத்தைத் திருப்பிக்கொண்டார். எட்டாம் நாள் நான் போவதற்குள் டம்ளர் அடுப்பங்கரையில் தயாராக இருந்தது. அவர் கேனை மூடிக்கொண்டே சொன்னார்: "சொசைட்டிக்காரன்கூட இப்படி டைமுக்கு வர மாட்டான் நர்சம்மா. நாளைக்கு நீ வூட்ல படு, நானே குடுக்கறேன்."

ஏழுமலை தூக்கிய பாரம்

பால் வந்துவிட்டது. முட்டையும் வந்தால் தேவலை என்று டாக்டரம்மா சொன்னார். தனம் மட்டும் அசையவில்லை. பாலை மாமியாருக்காக விட்டாள், மாமியார் சொன்னதும் குடித்துவிட்டாள். கவுச்சியை மலைக்குச் சொல்லி விட்டிருக்கிறாளே! வாக்குத் தவறி முட்டையைத் தொட்டால் பிள்ளையை மலை திரும்ப வாங்கிக்கொள்ளும் என்று அவள் நம்பினாள். அவளைத் திட்ட எனக்கு மனசு வரவில்லை. ரெண்டு தடவை வெறும் மடியோடு ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்தவள், எதைப் பிடித்துக்கொள்வாள்?

இதையெல்லாம் ஏழுமலை வண்டியைத் துடைத்துக்கொண்டே கேட்டுக்கொண்டிருந்தான். இவ்வளவு நாளும் வீட்டு விஷயத்தில் வாயே திறக்காதவன். கறியோ பிரியாணியோ இல்லாமல் ஞாயிற்றுக்கிழமை கழிந்தால் அவனுக்கு அது ஞாயிற்றுக்கிழமையே இல்லை. தனம் விரதம் இருந்த ஒண்ணேகால் வருஷமும் அவன் ஹோட்டலில் தின்றுவிட்டுத்தான் வந்தான். துணியை உதறித் தோளில் போட்டுக்கொண்டு, வீட்டில் ஒருத்தர் வேண்டுதலை இன்னொருத்தர் ஏற்றுக்கொள்ளலாம் இல்லையா அம்மா என்று பச்சையம்மாளைக் கேட்டான். புருஷன் பொண்டாட்டிக்குள் செல்லும் என்றார் அவர். அன்றைக்கே குளித்துவிட்டு, தனத்தையும் பிள்ளையையும் கூட்டிக்கொண்டு ஊர்க் கோயிலுக்குப் போய், மீதி அஞ்சு மாசம் என் கணக்கு என்று கற்பூரத்தின் மேல் அடித்துச் சொன்னான். மறுநாள் தனம் கண்ணை இறுக்கி மூடிக்கொண்டு அவித்த முட்டையை விழுங்கினாள். அவன் வண்டியைக் கிளப்புவதற்கு முன்னால் என்னிடம் வந்து ஒரே ஒரு கோரிக்கை வைத்தான்: "மொட்டை போடற வரைக்கும் ஆம்பூர் லோடு மட்டும் யாரும் எனக்குச் சொல்லாம பாத்துக்கோங்க மேடம்."

நாலாவது ஊசி

முதல் மூணு ஊசிக்கும் அருணாசலம் அழவில்லை. தொடையில் குத்தினால் முகம் லேசாகச் சுருங்கும், அதோடு சரி. ஊசி போடுகிற எனக்குத்தான் கண்ணில் தண்ணீர் முட்டும். பிள்ளை அழவில்லையே என்று அழுகிற நர்ஸை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா? நாலாவது ஊசிக்குப் பஞ்சை வைத்துத் துடைத்தேனோ இல்லையோ, காலை வெடுக்கென்று இழுத்தான். ஊசி உள்ளே போனதும் ஒரு கத்தல் கத்தினான் பாருங்கள், மருந்து வாங்க வரிசையில் நின்றவர்கள் எல்லாரும் திரும்பிப் பார்த்தார்கள். பேறுகால வார்டிலிருந்து ஆயாம்மா ஓடி வந்தார். டாக்டரம்மா தன் அறையிலிருந்து எழுந்து வந்து வாசலில் நின்று, கையைக் கட்டிக்கொண்டு, அந்த அழுகையைக் கச்சேரி கேட்கிற மாதிரிக் கேட்டார். தனம் சிரித்துக்கொண்டே அழுதாள். நானும் அழுதேன், அதில் எனக்கு ஒரு வெட்கமும் இல்லை.

உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. கை நடுக்கம் நிற்க நாளானது. அவன் வயசுப் பிள்ளைகள் உட்காரும்போது இவன் சாய்ந்து விழுந்தான். வாரா வாரம் ஊசி, மாசா மாசம் பெரிய ஆஸ்பத்திரியில் பரிசோதனை, வீட்டில் கையைக் காலை அசைக்கிற பயிற்சி. எதையும் நான் விடவில்லை, அவர்களையும் விட விடவில்லை. அந்த ஊசிக்குப் பத்து நாள் கழித்து, நான் கீழ்பென்னாத்தூர் ரோட்டில் பஸ்ஸுக்குப் பின்னால் புழுதி தின்றுகொண்டு போகும்போது போன் அடித்தது. ஓரம் கட்டி எடுத்தேன். ஹலோகூடச் சொல்லவில்லை அவள். "அக்கா! பால் குடிச்சிக்கினே வாயை எடுத்துட்டு என்னைப் பாத்துச் சிரிச்சான் அக்கா!"

இளநீர் வெட்டட்டுங்களா?

ரெண்டு பௌர்ணமி கழித்து மறுபடியும் எனக்கு முகாம் டூட்டி. வெயில் இறங்குகிற நேரம். ஒரு வேன் நிறைய வெளியூர்க்காரர்கள் வந்து இறங்கினார்கள். கையில் மாலை, பழத்தட்டு. யாரோ சொல்லி அனுப்பியிருக்கிறார்கள் போல. குட்டிச் சாமி எங்கே இருக்கிறார் என்று என்னிடமே வந்து விசாரித்தார்கள். பச்சையம்மாள் மனசு மாறிவிட்டால்? சாமி இருந்தபோது அந்தக் கடைக்கு இருந்த மவுசே தனி. இப்போது பழையபடி நாலு பேர் வந்து நின்றால் பெரிசு. நானும் அவர்கள் பின்னாலேயே விறுவிறுவென்று போனேன்.

கடை வாசலில் பாய் விரித்து, முதுகுக்கு ஒரு தலையணை முட்டுக் கொடுத்து அருணாசலத்தை உட்கார வைத்திருந்தார்கள். வந்தவர்களில் பெரியவர் பயபக்தியோடு குனிந்தார். நம்ம ஆள் அவர் மூக்குக் கண்ணாடியை ஒரே பிடி! இழுத்து வாயில் வைத்துக் கடித்தான். அவர் மெதுவாகப் பிடுங்கப் பார்த்ததும் வீல் என்று ஊரைக் கூட்டினான். தனம் ஓடி வந்து தூக்கியதும் அவள் தோளில் முகத்தைத் தேய்த்து, அழுகையை நிறுத்திவிட்டு, கெக்கெக்கே என்று ஒரு சிரிப்பு. வேன்காரர்கள் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்த்தார்கள். அம்மா, இங்கே தவத்தில் இருக்கிற ஒரு குழந்தைச் சாமி என்று பெரியவர் எச்சில் ஒழுகுகிற கண்ணாடியோடு இழுத்தார். நான் பச்சையம்மாளைப் பார்த்தேன். அவர் கத்தியைக் கீழே வைக்கவில்லை, தலையைக்கூட நிமிர்த்தவில்லை. "சாமி மலையேறிடுச்சுங்க. இப்ப இருக்கறது எம் பேரன். இளநி வெட்டட்டுங்களா?"

சாமியார்களுக்குப் பஞ்சமே இல்லாத இந்த ஊரில் ஒரே ஒரு சாமியாரைக் குறைத்ததுதான் என் பத்தொன்பது வருஷ சர்வீஸில் நான் செய்த உருப்படியான வேலை, இன்னும் எங்காவது குறைக்க வேண்டியிருந்தால் சொல்லி அனுப்புங்கள், கால் வலித்தாலும் வந்துவிடுகிறேன்.